டாக்டர் சொன்ன டம்ளர்

"டாக்டர் சொன்னது இந்த டம்ளருதான் புள்ள!" என்று பெரிய எவர்சில்வர் டம்ளரை நீட்டினார் அப்பாசாமி. சிறுநீரகம் கெட்டுப்போன அவருக்கு ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் காபிதான் என்பது டாக்டரின் உத்தரவு.

"இல்லீங்க, இந்தச் சின்ன டம்ளருதானுங்க" என்றாள் மனைவி ருக்குமணி. ஆறு மாதமாகத் தினமும் இதே சண்டை.

கடைசியில் இரண்டு டம்ளரையும் பையில் போட்டுக்கொண்டு, மலைமேல் இருக்கும் செம்மேட்டில் பஸ் ஏறி அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். புது ரிப்போர்ட்டைப் படித்த டாக்டர், ருக்குமணியை ஒரு கணம் பார்த்தார். பிறகு பெரிய டம்ளரைத் தொட்டு, "இதுலயே குடிங்க ஐயா. எத்தனை வேணும்னாலும் குடிங்க" என்றார்.

"பாத்தியா, நாந்தான் ஜெயிச்சேன்!" திரும்பும் பஸ் மலையேறி முடியும் வரை பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் அப்பாசாமி. ருக்குமணி ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பியிருந்தாள். இனி அளவு பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்பது டாக்டரின் பார்வையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. இவருக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் பெரிய டம்ளர் நிறையக் காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"எனக்கும் புரிஞ்சுது புள்ள. பஸ்ஸுல நீ ஒடஞ்சு அழுதுறக் கூடாதுன்னுதான் அப்படிச் சிரிச்சுட்டு வந்தேன்."