சொட்டுத் தடம்

"தம்பி, வண்டியை நிறுத்துங்க!"

ஸ்கூட்டரில் துரத்தி வந்து காரை மறித்தார் வீட்டுக்காரர். வீட்டைக் காலி செய்பவனுக்குச் சாமான் ஏற்ற, காருக்குப் பின்னால் மாட்டும் தன் டிரெய்லரையே இரவல் கொடுத்த மனிதர்.

"டிரெய்லர்லேர்ந்து வழியெல்லாம் சொட்டுது. பிரேக் ஆயிலா இருந்தா வம்பு. குடும்பத்தோட போறீங்க."

"நான் பாத்துக்கறேன் சார்" என்றான் அவன், காரை விட்டு இறங்காமலே.

"பெரியவர் நமக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கார், நீங்க என்ன!" என்று கடிந்துகொண்டே மனைவி இறங்கினாள்.

அவர் குனிந்து ஒரு சொட்டை விரலில் ஏந்தினார். "ஆயில் இல்ல, தண்ணி. ஆனா வெதுவெதுன்னு இருக்கே!"

"வெயில்ல சூடாயிருக்கும். விடுங்க சார்."

"வானம் மூடிக் கிடக்கு, ஏது வெயில்?"

அவர் கயிற்றை அவிழ்த்ததும் அவன் பதறி இறங்கினான். அதற்குள் மெத்தையை நகர்த்திவிட்டார். அடியில் போர்வை மூட்டை ஒன்று தொப்பலாக நனைந்திருந்தது. மனைவி பிரித்தாள்.

காலையில் எல்லோரும் குளித்து முடிக்கும்வரை அவர்கள் குடியிருந்த பெரியவர் வீட்டுக் குளியலறைச் சுவரில் தொங்கிய வாட்டர் ஹீட்டர்.

மனைவி முகத்தில் ஈயாடவில்லை. அவன் கூனிக் குறுகி நின்றான்.

பெரியவர் ஹீட்டரை நிமிர்த்தி வைத்து, மெத்தையை அண்டக் கொடுத்து, கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

"படுக்க வச்சா ஒழுகும் தம்பி. கேட்டிருந்தா தண்ணியை வடிச்சு நானே கழட்டிக் குடுத்திருப்பேனே."