மஞ்சள் சுருளின் கவலை

கிடங்கில் ஏழு பிளாஸ்டிக் தாள் சுருள்கள் வெளியூர் போகக் காத்திருந்தன. முன்பெல்லாம் ஒவ்வொன்றுக்கும் தனி அட்டைப்பெட்டி கிடைக்கும். இந்த முறை ஏழையும் நெருக்கி வைத்து, ஒரே நைலான் பட்டையால் கட்டி அனுப்புவதாக ஏற்பாடு.

மஞ்சள் சுருளுக்கு மனம் ஆறவில்லை. "ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தால் இழுக்க இழுக்கக் கிழிவோம். திருப்பி அனுப்பிவிடுவார்கள். மேலே நாலு சுற்றுத் தாளாவது வேண்டும்" என்றது.

"நெருங்கி நின்றால் ஆடமாட்டீர்கள் அக்கா. ஆடாவிட்டால் கீறல் ஏது?" என்றது பட்டை.

"நீ ஒரு விரல் அகலம். உன்னை நம்பி எப்படிப் போவது?"

"சுற்றத் தாளுக்கு எங்கே போவது?" என்று கேட்டது வெள்ளைச் சுருள்.

"நானே தருகிறேன். நாலு சுற்றுதானே."

மஞ்சள் சுருள் மற்ற ஆறையும் சுற்றி வந்தது. நாலாவது சுற்றில் ஒரு இடுக்கு தெரிந்தது. அதை மூடியதும் இன்னொன்று தெரிந்தது. "இருங்கள், இன்னும் ஒன்றே ஒன்று" என்று சொல்லிச் சொல்லிச் சுற்றியதில், கடைசியில் அதன் நடுவிலிருந்த அட்டைக்குழாய் மட்டும் மிஞ்சியது.

போய்ச் சேர்ந்த இடத்தில் பட்டையை அறுத்தார்கள். மஞ்சள் தாளைக் கத்தியால் கிழித்துக் குப்பை மூலையில் எறிந்தார்கள். ஆறு சுருள்களையும் தடவிப் பார்த்துவிட்டு இயந்திரத்தில் ஏற்றினார்கள்.

"பார்த்தாயா, ஒன்றில்கூடக் கீறல் இல்லை. நான் மட்டும் சுற்றாமல் இருந்திருந்தால்?" என்றது கிழிந்து கிடந்த மஞ்சள் தாள்.

பக்கத்தில் கிடந்த பட்டை, "ஆமாம் அக்கா" என்றது.