கறுப்புப் பாறையின் நாற்றம்

ஃபுர்லோ கணவாயின் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைக்கு நடுவே ஓடும் கறுப்புக் களிப்பாறைப் பட்டையை நிலவியலாளரான ஒர்னெல்லா சுத்தியலால் தட்டுகிறாள். அது ஏடு ஏடாகப் பிளக்கிறது. காயலில் சிப்பி வளர்க்கும் அவள் அண்ணன் எல்வியோ ஒரு சில்லை எடுத்து முகர்ந்து, முகத்தைச் சுளிக்கிறான். போன கோடையில் அவனுடைய சிப்பிகள் மொத்தமும் வாய் பிளந்து செத்தன. "அன்னைக்கு எங்க தண்ணியிலயும் இதே நாத்தம்தான்," என்கிறான். "இதுவும் கடலடிச் சேறுதான் அண்ணா, ஒன்பது கோடி வருஷம் பழசு," என்கிறாள் அவள். "இதுல மாலிப்டினம்ங்கிற உலோகம் ஏகத்துக்கு இருக்கு. அடித்தண்ணியில ஆக்சிஜன் அத்துப்போனாத்தான் அது இப்படிச் சேத்துல தங்கும்." அவன் சில்லைப் புரட்டிப் பார்க்கிறான். "செத்த கடலைப் பத்தி எல்லாம் தெரியுது உனக்கு. சிப்பி சாகறதுக்கு முன்னாடி, ஏப்ரல்லயே, எங்க தண்ணியை வந்து பாருன்னு கூப்பிட்டேனே, வந்தியா?" சுத்தியல் நின்றுவிடுகிறது. கறுப்புத் தூள் அப்பிய அவள் விரல்கள் மேல் வெயில் விழுகிறது. கீழே ஆறு அசையாமல் பச்சையாகக் கிடக்கிறது. "அந்தக் கடல் மறுபடி எப்ப மூச்சு விட்டுச்சு?" என்று அவனே கேட்கிறான். "அஞ்சு லட்சம் வருஷம் ஆகியிருக்கும்," என்கிறாள், அவனைப் பார்க்காமல். எல்வியோ சில்லைக் கீழே போட்டுவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைக்கிறான். "அப்ப நான் படகை வித்தது தப்பில்ல."