மாங்கன்றுக்கு வேலி

"தெனம் அவருகூட சண்டதானாம்மா?" சென்னையிலிருந்து மகன் குமரவேல் போனில் அலுத்துக்கொண்டான்.

"பின்ன என்னடா? அவரு கோழிங்க வந்து என் மாங்கன்னச் சுத்திக் கெளறிப் போடுது. கேட்டா, 'கோழின்னா கெளறத்தாங்க செய்யும்'னு சொல்றாரு!" என்றாள் செல்வநாயகி.

அவர் என்பது பக்கத்து வீட்டு தர்மராஜ். பீங்கான் கம்பெனியில் ரிட்டயரானவர். அவளைப் போலவே தனிக்கட்டை.

அடுத்த வாரமே குமரவேல் ஆளனுப்பி இரண்டு தோட்டத்துக்கும் நடுவே கம்பிவலை அடித்துவிட்டான்.

"இனிமே நிம்மதியா இரும்மா."

மறுநாள் கோழிகள் வலைக்கு அந்தப் பக்கமே மேய்ந்தன. கன்றடி மண் கலையவில்லை. யாரோடும் ஒரு வார்த்தை பேசாமலே செல்வநாயகிக்குப் பொழுது சாய்ந்தது. கோழிகளை வரவழைக்க அவளே தினமும் கன்றடியில் இறைக்கும் நொய்யரிசி, இன்று கிண்ணத்தோடு அவள் கையிலேயே இருந்தது.

வலைக்கு அப்பாலிருந்து தர்மராஜின் அதட்டல் கேட்டது.

"ஏம்மா, ஒங்க மாமரத்து எல பூரா எங்க பக்கம் கொட்டுது! யாரு கூட்டுறது?"

செல்வநாயகி கன்றைப் பார்த்தாள். முழங்கால் உயரம். ஏழெட்டு இலை. எல்லாம் அதிலேயே இருந்தன.

கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலியருகே போனாள்.

"மரம்னா எல கொட்டத்தாங்க செய்யும்!"