வேட்பாளரின் குழந்தை

"ஏம்மா, கைக்குழந்தைய வச்சிக்கினு உனக்கு எதுக்கு இந்த எலெக்‌ஷன்?"

உப்பளத்து மேஸ்திரி கலியமூர்த்தி கேட்டதும், வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

விஜயலட்சுமி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்கிறாள். ஓட்டுப்பதிவுக்கு நாலே நாள் பாக்கி. காலையிலிருந்து ஏழு தெரு ஏறி இறங்கியாயிற்று. ஏழு தெருவிலும் இதே கேள்விதான். ரோடு, தண்ணீர் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

"பூட்டுசாவி சின்னத்துல போடுங்கண்ணே" என்று நோட்டீஸை நீட்டினாள்.

"அது கெடக்கட்டும். நீ ஜெயிச்சு மீட்டிங், ஆபீசுன்னு போயிட்டா இத யாரு பாத்துக்குவாங்க?"

"ஏன், இவங்கப்பா இல்லியா?"

"அவருக்கு வேல வெட்டி இல்லியா?"

"இருக்குதுண்ணே. இப்பக்கூட ஓட்டு கேக்கத்தான் போயிருக்காரு."

"பாத்தீங்களாடி!" கலியமூர்த்தி பெண்கள் பக்கம் திரும்பினார். "பொண்டாட்டி பேச்சக் கேட்டுக்கினு ஒரு ஆம்பள தெருத்தெருவா சுத்துறான். பாவம்!"

விஜயலட்சுமி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

குழந்தை சிணுங்கியது. பையிலிருந்து பால்புட்டியை எடுத்தாள்.

"எலெக்‌ஷனுக்காகப் புட்டிப்பாலா? அடிப்பாவி!" என்றாள் அந்தப் பெண்களில் மூத்தவளான சின்னப்பாப்பா, சோற்றுக் கையோடு.

விஜயலட்சுமி அவள் பக்கத்திலேயே வரப்பில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, எனக்குப் போடுங்க, போடாம போங்க. ஒன்னு மட்டும் சொல்லுங்க. இங்க அவசரம்னா எங்க ஒதுங்கறீங்க?"

சின்னப்பாப்பாவின் கை அப்படியே நின்றது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. ஒரு புதர் கிடையாது.

"எங்க ஒதுங்கறது? சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கினு கெடக்கோம். அதுக்குப் பயந்தே தண்ணி குடிக்கிறதில்ல."

"நான் வந்தா மொத வேல அதான். பம்புசெட்டுப் பக்கத்துல கதவோட பாத்ரூம், தண்ணித் தொட்டியோட."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி நோட்டீஸை மடித்து இடுப்பில் செருகினாள்.

கலியமூர்த்திக்குப் பொறுக்கவில்லை. "அதுக்கெல்லாம் வேல்முருகன் இருக்கான்! அவனும் புள்ளகுட்டிக்காரன்தான். வீட்டையே மறந்துட்டு ஊருக்காக ஓடுறான் பாரு, அவன் தலைவன்! நீ போய் புள்ளயப் பாரும்மா."

சொல்லி வாய் மூடவில்லை, மைக் செட் கட்டிய ஆட்டோ ஒன்று வந்து நின்றது. கழுத்தில் மாலையோடு எதிர்வேட்பாளர் வேல்முருகனே இறங்கினான்.

"வா தலைவா! ஆயுசு நூறு!" கலியமூர்த்தி ஓடினார்.

வேல்முருகன் யாரையும் கும்பிடவில்லை. நேராக வரப்புக்கு வந்தான். அவனைக் கண்டதும் குழந்தை புட்டியைத் தள்ளிவிட்டு, "ப்பா... ப்பா..." என்று இரண்டு கையையும் நீட்டித் துள்ளியது.

"என் புள்ள ரொம்பப் படுத்திட்டானாக்கா?" என்று தலையைச் சொறிந்தான் வேல்முருகன். "வீட்ல அவளுக்குத் திண்டிவனத்துல பரீட்ச. கைக்குழந்தையத் தூக்கிக்கினு ஒரு வேட்பாளர் எப்படி ஓட்டு கேக்கறதுன்னுதான், பக்கத்து வீடாச்சேன்னு காலையில உங்ககிட்ட குடுத்துட்டுப் போனேன்!"