இருவர் உட்காரும் சோபா

"அந்த ஆள் பக்கத்துல நான் உட்கார மாட்டேன். வேற சோபா கொண்டு வாங்க, நீளமா!"

"மேடம், விளம்பரமே இந்த சோபாவுக்குத்தான். ரெண்டு பேர் நெருக்கமா உட்கார்ற சோபா," என்று நடிகையிடம் கெஞ்சினாள் பம்பரம்.

விளம்பரப் படங்களுக்கு நடிகர்களைப் பிடிப்பது, வீடு பிடிப்பது, தேதி பிடிப்பது எல்லாம் அவள் வேலை. நின்ற இடத்தில் நில்லாமல் சுழல்வதால் யூனிட் வைத்த பெயர் அது. இன்றைக்கு உண்மையிலேயே தலை சுற்றியது.

நடிகரையும் நடிகையையும் தனித்தனி ஏஜென்சி மூலம், போட்டோவை மட்டும் பார்த்துப் பிடித்திருந்தாள். கதைப்படி நாற்பதைத் தாண்டிய அன்பான கணவன் மனைவி. ஆனால் வாசலில் ஒருவரையொருவர் பார்த்ததுமே இரண்டு முகமும் கடுகடுவென்று ஆகிவிட்டது.

நடிகர் அதற்கு மேல். "அந்தம்மா இருக்கற ரூம்ல எனக்கு மேக்கப் வேண்டாம்" என்று சமையலறைக்குள் போய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். படப்பிடிப்புக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருந்தவர் பதறி ஓடிவந்தார்.

"என்னம்மா இது, சர்க்கரை டப்பா பூரா பவுடர்! சாயங்காலம் சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. அதுக்குள்ள நீங்க காலி பண்ணலேன்னா நானே சோபாவைத் தூக்கித் தெருவுல வச்சிடுவேன்!"

பம்பரம் நடிகரிடம் குரலைத் தாழ்த்தினாள். "சார், நீங்களும் அவங்களும் இதுக்கு முன்னாடி சேர்ந்து ஏதாவது பண்ணியிருக்கீங்களா?"

"பண்ணினோம். பெரிய தப்பு."

"படமா, சீரியலா?"

"சீரியல் மாதிரிதான் இழுத்துச்சு."

ஒருவழியாக இருவரையும் சோபாவின் இரண்டு ஓரத்தில் உட்காரவைத்து, பம்பரம் தெரிந்த தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டாள். கேமரா ஓடியது.

நடிகை சட்டென்று நகர்ந்து வந்து, அவருடைய மடங்கியிருந்த காலரைச் சரிசெய்தாள். "மாத்திரை போட்டீங்களா?" என்றாள். வசனத்தில் அது இல்லவே இல்லை. அவர் அசட்டுச் சிரிப்பு சிரித்து, தன் முதுகுக்குப் பின்னாலிருந்த திண்டை உருவி அவள் இடுப்புக்கு முட்டுக்கொடுத்தார். "இப்ப வலிக்குதா?"

இயக்குநர் 'கட்' சொல்ல மறந்து மூக்கை உறிஞ்சினார். சொன்ன மறுகணம் நடிகை எழுந்து சன்னல் பக்கம் போய்விட்டாள்; அவர் வாசலுக்குப் போய்விட்டார்.

சோபா கம்பெனி முதலாளி துள்ளிக் குதித்தார். "நடிப்புன்னா இதுதான்யா! அடுத்த விளம்பரமும் இவங்களேதான். வர்ற வெள்ளிக்கிழமை. இந்த ஜோடி வரலேன்னா நான் வேற யூனிட்டைப் பார்த்துக்கறேன்."

"அடுத்தது எதுக்கு சார்?"

"கட்டிலுக்கு."

பம்பரம் முதலில் சன்னல் பக்கம் போனாள்.

"வெள்ளிக்கிழமையா? சான்ஸே இல்ல. எத்தனையோ நாளா நான் காத்துக்கிட்டிருந்த நாள் அது."

வாசலுக்கு ஓடினாள்.

"அன்னிக்கு மட்டும் கேட்காதீங்கம்மா. அன்னிக்குத்தான் எனக்கு விடிவுகாலம்."

"என் பிழைப்பே இதுல தொங்குது," என்று இருவரிடமும் கண் கலங்கச் சொல்லிப் பார்த்தாள். இரண்டு பேரும் அசையவில்லை. இரண்டு காரில் கிளம்பிப் போனார்கள்.

அன்று முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் மத்தியானம், முதலாளிக்கு என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நடிகர்.

"மேனேஜரம்மா, வெள்ளிக்கிழமை நான் வர்றேன்."

"சார், நீங்க நல்லா இருக்கணும்! ஆனா அந்த மேடம்..."

"அவளும் வர்றா. நீங்க கண் கலங்கினதைப் பார்த்து அவளுக்கு மனசு கேக்கல. நேத்தே எனக்குப் போன் பண்ணிட்டா."

"அப்போ உங்க ரெண்டு பேருக்கும் அன்னிக்கு இருந்த வேலை?"

"ஒரே வேலைதாம்மா. இப்பதான் ரெண்டு பேரும் சேர்ந்து போய்த் தள்ளி வச்சிட்டு வர்றோம். எங்க வக்கீலுங்கதான் தலையில அடிச்சுக்கிட்டாங்க. கட்டில் விளம்பரம் முடிஞ்சதும் விவாகரத்தை வாங்கிக்கறோம்னு சொன்னதுக்கு, ஜட்ஜே சிரிச்சுக்கிட்டு வாய்தா கொடுத்துட்டாரு!"