முன் அனுபவம்: இல்லை

“முன் அனுபவம்?” என்று வாயால் கேட்டாளே தவிர, பதிலுக்குக் காத்திராமல் விண்ணப்பத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டாள் லின்சி. வந்திருந்தவளுக்கு நாற்பத்தாறு வயது, கசங்காத பருத்திப் புடவை, ஸ்ரீரங்கத்து முகவரி. இதில் கேட்க என்ன இருக்கிறது!

பாலக்கரையில் லின்சி நடத்தும் டிரைவிங் ஸ்கூலுக்கு வரும் பெண்கள் எல்லோரும் ஸ்கூட்டிதான் கேட்பார்கள். எதிரில் உட்கார்ந்திருந்த வைதேஹி கியர் பைக் பழக வேண்டும் என்றாள்.

“அது கஷ்டம் மேடம். ஸ்கூட்டின்னா பத்து நாள்ல ஓட்டிடலாம்.”

“ஆத்துல அவரோட பைக் இருக்கு. அதைத்தான் ஓட்டணும்.”

அவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், மகள் எழுந்திருப்பதற்கு முன், கணவர் ஹ்ருஷிகேஷும் வைதேஹியும் கொள்ளிடக் கரை ரோட்டுக்குப் போனார்கள். பைக் சறுக்கியது. அவர் அங்கேயே முடிந்துபோனார்.

இவள் இரண்டு கையிலும் கட்டோடு மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தாள். போலீஸ் ஸ்டேஷன், இன்ஷூரன்ஸ் என்று அத்தனைக்கும் அலைந்து எழுதிக்கொடுத்தவர் கணவரின் அண்ணன் சேஷு. கண் விழித்தபோது எல்லாக் காகிதமும் தயாராக இருந்தது. காட்டிய இடத்தில், கட்டுக்கு வெளியே இருந்த கட்டைவிரலை வைத்தாள்.

அன்று மரத்துப்போனவள்தான். காபி சூடாக இருக்கிறதா ஆறிவிட்டதா என்றுகூடத் தெரியாமல் குடித்தாள். அழுகை வரும் வரும் என்று உறவுக்காரர்கள் பார்த்தார்கள், வரவில்லை.

பதினாறு வயது மகள் மேகனாவுக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். அப்பாவின் படத்தைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டாள்.

“கண்ணுமண்ணு தெரியாம ஓட்டி உன்னையும் சேத்துக் கொல்லப் பார்த்தார். ஸ்ராத்தத்தன்னிக்கு நான் ஆத்துலயே இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்!”

படத்தைத் திருப்பி வைக்க வைதேஹிக்குக் கை எழவில்லை.

முதல் நாள் வகுப்பில், “கிளட்சைப் பிடிச்சுக்கிட்டு, இடது காலால...” என்று லின்சி சொல்லி முடிப்பதற்குள் முதல் கியர் விழுந்துவிட்டது.

“அட! சாரு பின்னாடி உக்காந்தே கத்துக்கிட்டீங்களா?” என்று சிரித்தாள் லின்சி. வைதேஹி ஹெல்மெட்டின் வாரை இறுக்கிக்கொண்டாள்.

பதினைந்து நாளில் அவள் கேட்டது ஒரே ஒரு சந்தேகம்தான்.

“ரோட்டுல மணல் கெடந்து, அதுல முன் பிரேக்கைப் பிடிச்சா என்ன ஆகும்?”

“முன் சக்கரம் வாரி விட்டுடும் மேடம். மணல் லாரி போற ரோட்டுல புதுசா ஓட்டறவங்க பண்ற தப்பு அதுதான். பயத்துல கை தானா பிடிச்சிடும்.”

“தப்புதானா?” என்றாள் வைதேஹி.

லைசென்ஸ் டெஸ்டுக்கு எட்டுப் போடுகிற நாள் வந்தது. ஊரையே பைக்கில் சுற்றி வருகிற வாலிபர்கள்கூட இன்ஸ்பெக்டரைக் கண்டதும் காலைத் தரையில் ஊன்றிவிட்டு அசடு வழிந்தார்கள். வைதேஹி கால் ஊன்றாமல் எட்டை முடித்து, இறங்கி, ஓரமாக நின்றுகொண்டாள். பக்கத்தில் நின்றவர்களுக்கு இருந்த சந்தோஷம்கூட அவளுக்கு இல்லை.

லைசென்ஸ் தபாலில் வந்த மறுநாள், மேகனாவை அழைத்துக்கொண்டு மலைக்கோட்டைப் பக்கம் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் சுரேஷ்குமாரிடம் போனாள். மகள் பஸ்ஸில் வந்தாள், அம்மா பைக்கில் வந்தாள். அந்த பைக்கில் ஏற மாட்டேன் என்பது மகளின் சபதம்.

சுரேஷ்குமார் புது பாலிசியை நீட்டினார். “வண்டி உங்க பேருக்கு மாறியாச்சு, லைசென்ஸும் வந்தாச்சு. இனிமே கவலையே இல்லீங்க. சார் விஷயத்துலயும் லைசென்ஸ் பக்காவா இருந்துச்சு. அதனாலதான் பணம் இழுக்காம வந்துச்சு.”

வைதேஹி பாலிசியை மடித்துப் பையில் வைத்தாள். “இது செல்லுமோன்னோ?”

“இப்பவே செல்லும்ங்க. தைரியமா ஓட்டுங்க.”

வெளியே வந்து பைக்கில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். ஸ்ராத்தத்துக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. மேகனா பஸ் ஸ்டாப் பக்கம் இரண்டடி நடந்தாள், நின்றாள், திரும்பி வந்தாள்.

“நீ வரும்போது பஸ் ஜன்னல்லேர்ந்து பார்த்துண்டே வந்தேம்மா. பாலத்துல எவ்வளவு நிதானமா வந்தே!”

சொல்லிக்கொண்டே பின்னால் ஏறி உட்கார்ந்து, அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஒரு வருஷமாக யாரும் தொடாத உடம்பு. மகளின் கைச்சூடு புடவையைத் தாண்டி வைதேஹிக்கு உறைத்தது. இது என்ன என்று அவளுக்கே சட்டென்று பிடிபடவில்லை.

“உன்கூடன்னா எனக்குப் பயமே இல்லைம்மா. அப்பாவும் உன்னை மாதிரி ஓட்டியிருந்தா இன்னிக்கு இருந்திருப்பார்.”

வைதேஹி சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள். கண்ணாடியில் மகளின் முகம் தெரிந்தது. அதைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அன்னிக்கு ஓட்டினது அப்பா இல்லைடி, நான்.”